இது டயர் கடை

கெளுத்திமீன் ஆலையில் பதினைந்து நிமிட இடைவேளை.
கையுறையைக் கழற்றினாலும்
விரல்களில் பனிக்கட்டி மிச்சமிருக்கும்.
லாக்கர் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன் பட்டியலை.
பதினொரு பெயர்கள்.
'உங்கள் மெடிக்கெய்ட் அட்டையை ஏற்கும்
மகப்பேறு மருத்துவர்கள்' என்று
மேலே தடித்த எழுத்தில்.

முதல் எண் மணியடித்து மணியடித்து ஓய்ந்தது.
இரண்டாவதில் ஒருத்தி,
அட்டையின் பெயரைச் சொல்லும்வரை தேனாய்ப் பேசினாள்.
சொன்னதும் குரலுக்குள் ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது.
மூன்றாமவர் ஓய்வுபெற்று
அலபாமா கடற்கரையில் மீன் பிடிக்கிறாராம்.
நான் இங்கே மீன் அறுக்கிறேன் என்றேன்.
எதிர்முனையில் சிரிப்பில்லை.
நான்காவது: அட்டையை எடுப்போம்,
புது ஆட்களைத்தான் எடுப்பதில்லை.
பழைய ஆள் ஆவது எப்படி என்று கேட்பதற்குள்
காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள்.
பாட்டு முடியவில்லை,
இடைவேளை முடிந்தது.

மறுநாள் ஐந்தும் ஆறும். இரண்டுக்கும் ஒரே எண்,
அந்த எண் உபயோகத்தில் இல்லை.
ஏழாவது, "எத்தனை வாரம்?"
பதினேழு.
"பன்னிரண்டுக்குள் வந்திருக்கணுமே."
பன்னிரண்டில் அட்டை தபாலில் இருந்தது அம்மணி,
நான் மசக்கையில் இருந்தேன்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்
பிரசவ வார்டை மூடி மூன்று வருடம்.
நான் பிறந்த அறையில் இப்போது
பழைய பில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள்.
மிசிசிப்பியின் இந்த மூலையில்
ஆறு மட்டும்தான் கேட்காமலே வீட்டுக்கு வரும்.

எட்டாவது எண்.
பின்னணியில் காற்றடிக்கும் இயந்திரம் உறுமியது.
"இது டயர் கடைம்மா."
மன்னியுங்கள் என்று வைக்கப்போனேன்.
"இரு, இரு. எத்தனை மாசம்?"

ஆர்விஸ் பிக்கன்ஸ் என்று பெயர்.
இரண்டு வருடமாய் அந்த எண் அவனுடையது.
அதற்கு முன் யாரோ டாக்டருடையது.
பட்டியலைத் திருத்த யாருக்கும் நேரமில்லை.
வாரத்துக்கு நாலைந்து வாயும் வயிறும்
அவனைக் கூப்பிடுகின்றன.
முதலில் எரிந்து விழுந்தானாம்.
ஒருநாள் ஒருத்தி ஒன்றும் பேசாமல் அழுதாளாம்.
பாதி தூக்கிய டிரக்கை அப்படியே நிறுத்திவிட்டு
அவளுக்காக நாலு இடத்துக்குப் போன் போட்டானாம்.
அன்றிலிருந்து சுவரில் எழுதுகிறான்,
டயர் அளவுகளுக்குப் பக்கத்தில் சாக்பீஸால்,
யார் நிஜமாகவே எடுக்கிறார்கள், எந்தக் கிழமை,
யார் போனை எடுத்தால் வைத்துவிட வேண்டும்.

"ஹார்மன்வில் போ. தொண்ணூறு மைல்.
டாக்டர் ட்ரெட்வே. லோரின் இருக்காளான்னு கேளு.
செவ்வாய் மட்டும்தான் அட்டைக்காரங்க."
கொஞ்சம் நிறுத்தினான்.
"உன் வண்டியில் என்ன டயர்?"
வழுக்கை என்றேன்.

பழைய டயர் இரண்டு மாட்டிவிட்டு
பாதிப் பணம்தான் வாங்கினான்.
மீதி, பிள்ளை பிறந்த பிறகாம்.
பருத்திக் காடு, பருத்திக் காடு, ஒரு பெட்ரோல் பங்க்,
மறுபடியும் பருத்திக் காடு.
சம்பளமில்லாத ஒரு செவ்வாய்.

ட்ரெட்வேயின் கை சூடாக இருந்தது.
வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார்.
பிறகு அந்தச் சத்தம்.
ஆலைக்குள் ஆறு வருடம் நின்றிருக்கிறேன்,
இவ்வளவு வேகமாய் வேலை செய்யும் எதையும்
கேட்டதில்லை.

கிளம்பும்போது லோரின் தாழ்ந்த குரலில்
ஒரு விஷயம் சொன்னாள்.
வண்டி நிறுத்துமிடத்தில் வெயில். கதவைத் திறந்துவைத்து
எட்டாவது எண்ணை அழுத்தினேன்.

"ஆர்விஸ், செவ்வாயை அழி.
அடுத்த மாசத்திலிருந்து வியாழன்.
பதினொன்றரைக்கு லோரின் சாப்பிடப் போயிடுவா,
அதுக்கு முன்னாடி கூப்பிடணும்."

"இரு, இரு" என்றான்.
இயந்திரம் நின்றது.
சுவரில் சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்டது.
"வியாழன்" என்று
எழுதிக்கொண்டே சொன்னான்,
"உன் பேர் என்ன, கேட்கவே இல்லையே?"